மடங்கும் தெரு

1

ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு ஹன்னா வந்துவிட்டாள். நான் இல்லாத ஒரு மாதமும் என் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள். அந்த உரிமையில் நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "ஊர்ப் படங்களைக் காட்டு" என்றாள். கைப்பேசியைக் கொடுத்தேன். கோயில் வரும், யானை வரும், பட்டுப்புடவை கட்டிய கூட்டம் வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். விரலால் தள்ளத் தள்ள வந்ததெல்லாம் துருப்பிடித்த இரும்பும் தகரமும் டயர்த் துண்டும்தான்.

"நீ அண்ணன் வீட்டுக்குப் போனாயா, பழைய இரும்புக் கடைக்குப் போனாயா?" என்று கேட்டாள்.

அவளுக்கு விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கீலுக்கு டச்சு மொழியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதத்தோடு நான் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடம் முடிகிறது. இந்த மொழியில் வேலைக்கு மனு எழுதியிருக்கிறேன், வரி அலுவலகத்தோடு சண்டை போட்டிருக்கிறேன், பிரசவ வலியில் அலறியிருக்கிறேன். கீல் மட்டும் தேவைப்பட்டதே இல்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, புத்தகத்தைப் போலத் திறந்து மூடிக் காட்டினேன். ஹன்னா வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். நான் பதிலுக்கு அந்தத் தெருவின் கதையைச் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். திருவண்ணாமலைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "இதில் என்ன அதிசயம், தினமும் பார்ப்பதுதானே" என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே வந்த முதல் வருடம் எனக்கு வேலை இல்லை, மொழி இல்லை, தோழி இல்லை. கணவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மாலைதான் வருவார். வீட்டில் உட்கார்ந்தால் அழுகை வரும் என்று தெருத் தெருவாக நடந்தேன். பலகைகளைப் படிக்கத் தெரியாது. அதனால் படிக்கத் தேவையில்லாதவற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். வாசற்படி ஓரத்தில் காலணிச் சேற்றை வழித்துவிட்டு உள்ளே போவதற்காகப் பதித்த சின்ன இரும்புப் பட்டை. வீட்டு உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி. மாடிப்படிகள் அவ்வளவு குறுகல் என்பதால் கட்டிலையும் பீரோவையும் வெளியே கயிறு கட்டித்தான் ஜன்னல் வழியாக ஏற்றுவார்களாம், அதற்கான கொக்கி அது. மழைநீர்க் குழாய்களின் வாய், தபால் பெட்டியின் மூடி, இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தேன். ஒரு ஊர் என்னோடு பேசாவிட்டாலும் அதன் வீட்டுக் கொக்கிகளை எனக்குத் தெரியும் என்பதில் ஒரு தைரியம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் படங்கள்தான் என்னை இந்த ஊரில் இருக்க வைத்தன.

பிறகு நூலகத்தில் வேலை கிடைத்தது, மகள் நிலா பிறந்தாள், தோழிகள் வந்தார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. நிலாவுக்கு இப்போது பதினைந்து வயது. அவளோடு வெளியே போனால் பத்தடிக்கு ஒருமுறை நான் குனிவேன். அவள் பத்தடி முன்னால், யாரோ தெரியாதவளைப் போல நடப்பாள்.

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது ஒன்று உறைத்தது. உத்ரெக்டின் சாக்கடை மூடிகளைக்கூட விடாமல் எடுத்து வைத்திருக்கிற என்னிடம், பிறந்து வளர்ந்த திருவண்ணாமலையில் எடுத்தவை என்று இருப்பதெல்லாம் மலை, கோபுரம், மலையோடு நான், கோபுரத்தோடு நிலா. அந்த ஊரில் கேமராவைத் தூக்கினால் கை தானாக மலைப் பக்கம் திரும்பிவிடும். அவ்வளவு பெரிய அழகு எதிரே நிற்கும்போது வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. ஆகவே இந்த முறை மலைக்கு முதுகைக் காட்டியே படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பினேன்.

நிலாவுக்குப் பரீட்சை. அப்பாவோடு இங்கேயே இருந்துகொண்டாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, "உன் ஊரை நன்றாகப் பார்த்துவிட்டு வா" என்றாள் டச்சில். உன் ஊர். நம் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்தான். எந்த வருடம் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

3

என் அண்ணன் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. கீழே அண்ணனின் மளிகைக் கடை, மேலே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உலகமே வாசல் வழியாக நடந்து போகும். மற்ற நாட்களில் சாதாரணத் தெரு. டீக்கடை, சலூன், வளையல் கடை, கற்பூரமும் எலுமிச்சம்பழமும் விற்கிற பெட்டிக்கடைகள்.

முதல் இரண்டு நாள் எதை எடுப்பது என்று தெரியாமல் கேமராவோடு சுற்றினேன். மூன்றாம் நாள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர், "கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார். எழுந்தேன். பெஞ்சை ஒரு கையால் தூக்கிச் சுவரோடு ஒட்டி, ஒரு கம்பியைச் செருகினார். பெஞ்சு போய்விட்டது. தண்ணீர் லாரி அந்த இடத்தில் உரசாமல் கடந்து போனது. கம்பியை உருவினார், பெஞ்சு விழுந்தது. "உக்காருங்க" என்றார்.

பெஞ்சின் அடியில் குனிந்து பார்த்தேன். பழைய கதவுக் கீல் இரண்டு.

அதற்கப்புறம் கண்ணைத் திருப்பிய இடமெல்லாம் கீல்தான். கற்பூரக் கடையின் முன்பலகை காலையில் இறங்கி மேசையாகிறது, இரவில் ஏறிக் கதவாகிறது. வளையல் கடைக் கண்ணாடிப் பெட்டி சூட்கேஸ் போல இரண்டாக மடிகிறது. அதன் கீல் சைக்கிள் செயின். சலூன்காரர் வாசலுக்கு வெளியே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறார். அந்த நாற்காலிக்கான கண்ணாடி சுவரில் கதவு போலத் திரும்புகிறது. தார்ப்பாய்க் கம்பிகளுக்கு டயரை அறுத்துச் செய்த கீல், மழையில் துருப்பிடிக்காதாம். ஒரு கடையில் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தையே கீலாக ஆணி அடித்திருந்தார்கள். தேர் போகிற மாடவீதிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் சில கடைகளின் பெயர்ப் பலகைகள் சுவரோடு மடங்குகின்றன.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை லட்சக்கணக்கான கால்களுக்கு வழிவிட வேண்டிய ஊர் இது. போலீஸ் வந்து "மடிங்க, மடிங்க" என்று கத்தினால் தெரு இரண்டு பக்கமும் நாலு நாலு அடி உள்ளே போயாக வேண்டும். போலீஸ் அந்தப் பக்கம் போனதும் வெளியே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. அதற்காக எந்த இன்ஜினியரும் வரைந்து கொடுக்காமல், கையில் கிடைத்ததை வைத்துத் தெருவே தன்னை மடித்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் கொஞ்சம் சீக்கிரம் அழுகிறவள்தான், ஆனாலும் வந்தது. உத்ரெக்டில் என் வாசல் ஓரத்தில் ஒரே ஒரு நடைபாதைக் கல்லைப் பெயர்த்துச் செடி வைக்க நகராட்சிக்கு எழுதி, பதில் வந்து, அளவு சொல்லி, அளவுக்கு மேல் ஒரு விரல் போனதற்கு இன்னொரு கடிதமும் வந்தது. அந்த ஒழுங்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஊர்க் கல் நகர்வதற்குள் இந்த ஊர் பத்து முறை மடங்கி விரிந்துவிடும்.

நாள் முழுவதும் எடுத்தேன். கீலின் அருகில் கட்டைவிரலை வைத்து அளவு தெரிகிற மாதிரி, மடித்த நிலையில் ஒன்று, விரித்த நிலையில் ஒன்று. இரவில் நிலாவுக்கு அனுப்பினேன். வழக்கமாக ஒரு கட்டைவிரல் பொம்மை வரும். அன்று ஒரு கேள்வி வந்தது: "ஆளே இல்லையே அம்மா. இதையெல்லாம் யார் மடிக்கிறார்கள்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கீலைப் பார்க்கச் சொன்னால் ஆளைத் தேடுகிறாளே என்று.

4

தெரு என்னிடம் காட்டிய அன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். பூக்காரம்மா முழம் போடாமல் அள்ளிக் கொடுத்தார். வளையல் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்குது, நிழல்ல உக்காந்து எழுதுங்க" என்றார். நான் எதுவும் எழுதவில்லையே என்று நினைத்தேன், ஆனாலும் உட்கார்ந்தேன். இரவு கணவருக்குப் போன் செய்து, "எங்க ஊர் மாதிரி வருமா" என்று அரை மணி நேரம் பெருமை அடித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு வீட்டு வாசலில் அந்தச் சாய்தளத்தைப் பார்த்தேன். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஓடுகிற கால்வாயின் மேல் சிமென்டில் போட்டது. சறுக்காமல் இருப்பதற்காக ஈர சிமென்டில் சோடா மூடிகளைக் கவிழ்த்து வரிசை வரிசையாகப் பதித்திருந்தார்கள். சக்கரம் போகிற மூன்று தடங்களில் மூடிகள் தேய்ந்து வெள்ளி போல மின்னின. தடங்களுக்கு இடையில் தேயாதவை சிவப்பும் பச்சையுமாக இருந்தன. நான் தெருவில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே தையல் மிஷின் தெரிந்தது.

"மேடம், இது மடங்காதுன்னு தானே எடுக்கறீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "ரொம்ப அழகா இருக்கு, அதான்" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. "மத்தவங்களுது எல்லாம் மடங்குது. எங்களுது ஒண்ணுதான் கெட்டியா போட்டுட்டோம். எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழ வராது மேடம். லாரி ஓட்டினவரு. இந்தச் சரிவு இருக்கங்காட்டிதான் தினமும் வண்டியில தானா இறங்கி பஸ் ஸ்டாண்டாண்ட கடைக்குப் போறாரு. போன் ரிப்பேர் பாக்கறாரு. இதை இடிச்சிட்டா மனுஷன் நாலு சுவத்துக்குள்ளதான் கெடக்கணும். எங்களை மட்டும் விட்டுடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

குனிந்தே விட்டாள். நான் பதறிப் பின்னால் போனதில் கால்வாயில் ஒரு கால் இறங்கிவிட்டது. அவள் பெயர் தேவகி என்பதையும், கணவர் பெயர் ஏழுமலை என்பதையும், என் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும்போது சொன்னாள். "நான் ஆபீசர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது.

ஈரக் காலோடு வீட்டுக்கு வந்து அண்ணி மல்லிகாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார்.

"நீயா அது? அடிப்பாவி! வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொம்பளை வந்து ஆக்கிரமிப்பைப் படம் புடிக்குதுன்னு மூணு நாளா தெருவே தூங்கல. மடிச்சி ஒண்ணு, விரிச்சி ஒண்ணு எடுத்தியாமே? வெரல் வெச்சி அளந்தியாமே?"

"அது அளவு தெரியறதுக்கு அண்ணி…"

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க."

தீபத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் கால்வாய் தூர்வாரப் போகிறார்கள், அதற்குமுன் கணக்கெடுக்க ஆள் வரும் என்று தெருவில் ஏற்கனவே பேச்சு இருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் கேமராவோடு வந்து குனிந்திருக்கிறேன். இலவச டீயும் பூவும் நாற்காலியும் எதற்கு என்று இப்போது விளங்கியது. இரவு கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

5

அண்ணி என்னை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனார். "என் நாத்தனாருங்க. ஹாலண்ட்ல இருக்குது. சும்மா போட்டோ எடுக்குது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. "ஹாலண்ட்லேர்ந்து பிளேன் ஏறி வந்து கீலைப் போட்டோ புடிக்குதா?" என்று சலூன்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

உண்மையான ஆள் இரண்டு நாள் கழித்து வந்தது. ஸ்கூட்டியில், தலையில் ஹெல்மெட்டோடு ஒரு சின்னப் பெண். டீக்கடையில் டீ குடித்தாள், காசு கொடுத்தாள், போன் பார்த்தாள். டீக்கடைக்காரர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய கண் முழுவதும் என் மேல் இருந்தது. டீ குடித்து முடித்ததும் அவள் பையிலிருந்து நாடாவை எடுத்துக் கால்வாயின் அகலத்தை அளந்தாள். அப்போதுதான் தெருவுக்கு மூச்சு நின்றது. ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனால் பேச்சில் இன்னும் முனிசிபாலிட்டிதான். அவள் அங்கே உதவிப் பொறியாளராம்.

மடங்குகிறவற்றை அவள் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தேவகியின் வாசலில் போய் நின்றாள். ஏழுமலை வாசலில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், நரைக்க ஆரம்பித்த மீசை. நான் தெருவின் மறுபக்கம் நின்றேன்.

"அண்ணா, இதை எடுத்துத்தான் ஆகணும். அடியில கையை விட்டுத் தூர்வார முடியாது. மழை பெஞ்சா இங்கதான் அடைச்சிக்குது" என்றாள். அவள் குரலில் அதிகாரம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "ஆனா தூக்கற மாதிரி ஒண்ணு வெச்சீங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லை. தூர்வார்ற அன்னைக்குத் தூக்கணும். பௌர்ணமிக்கு ரோடு கிளியர் பண்ணும்போது தூக்கணும். அவ்ளோதான். அடுத்த வாரம் பொக்லைன் வரும்."

அவள் போனதும் தெருவே தேவகி வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். கீல் வைப்பதற்கா இந்தத் தெருவில் ஆள் பஞ்சம்? முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாஷா பாய் அப்போதே அளவெடுக்க உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலை வாயைத் திறந்தார். "வேணாம் பாய்."

"ஏன்ய்யா?"

"உங்களுக்கு மடிச்சா கடைதான் மூடும். எனக்கு மடிச்சா நானே உள்ள மூடிக்குவேன். யாரு வந்து இறக்கி விடுவாங்கன்னு வாசலைப் பாத்துக்கினு உக்காந்திருக்கணுமா? ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒருத்தரு வந்து திருப்பிப் படுக்க வைக்கணும். அது போதும் எனக்கு."

நாலு நாளாக நான் கொண்டாடிக்கொண்டிருந்த கீல்கள் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிற ஒரு கை வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நிலா கேட்டது அதைத்தான். நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கேமரா கழுத்தில் தொங்குவதை ஏழுமலை பார்த்தார். "என்னை எடுத்துடாதீங்க மேடம்" என்றார். எடுக்கவில்லை என்றேன்.

6

மறுநாள் மாலை அண்ணன் கடைக்கு அரிசி மூட்டை இறக்க ஒரு மினி லாரி வந்தது. ஏழுமலை தன் வாசலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளீனர் பின்பலகையின் கொண்டியைத் தட்டினான், பலகை சங்கிலியில் தொங்கிக் கீழே இறங்கியது. மூட்டைகள் இறங்கின. பலகை ஏறியது. ஏழுமலை கையைத் தட்டி பாஷா பாயைக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் குரல் எனக்கு மாடி வரைக்கும் கேட்டது.

"பாய், லாரி டோர் மாதிரி போடு. கீல் படிக்கட்டாண்ட வரட்டும். மேல ஒரு கிணத்து ராட்டினம் கட்டு. கயிறு மட்டும் உள்ள வரணும். என் கைக்கு."

"நீயே உள்ளேர்ந்து தூக்குவியா?"

"இடுப்புக்குக் கீழதானே வராது? கை இன்னா ஆச்சு?" என்று புஜத்தைத் தட்டிக் காட்டினார். தினமும் அந்த வண்டியைக் கையாலேயே சுற்றி ஓட்டுகிற புஜம் அது.

பாஷா பாய் பழைய லாரித் தரையின் வரி போட்ட இரும்புத் தகட்டைக் கொண்டுவந்தார். லாரிப் பின்பலகையின் கீல்களையே வெட்டி எடுத்து வந்திருந்தார். இரண்டு நாள் தெரு முழுக்க வெல்டிங் வெளிச்சம்தான். நான் கூச்சத்தை விட்டுவிட்டு அருகில் போய் நின்று பார்த்தேன். இப்போது யாரும் பயப்படவில்லை. உண்மையான ஆபீசர் வந்துவிட்டுப் போனதால் என் மதிப்பு சுத்தமாகக் குறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்.

பொக்லைன் வந்த காலையில் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தேவகியிடம், "அந்த மூடிகளைக் கொஞ்சமாவது பேத்து எடுத்து வைக்கலாமா? எவ்வளவு அழகா பதிச்சிருந்தீங்க" என்றேன்.

தேவகி சிரித்துவிட்டாள். "அது போனா போவுதுக்கா. ஜனங்க இனிமே சோடா குடிக்கமாட்டாங்களா இன்னா?" மேடம் போய் அக்கா வந்திருந்தது.

முதல் சோதனை படு தோல்வி. ஏழுமலை உள்ளிருந்து கயிற்றை விட, தகடு மொத்தமாகச் சாலையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் தெருநாய்கள் மலைப் பக்கம் ஓடின. சலூன்காரர் நுரை தடவிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு ஓடிவந்தார். தூக்கும்போது இன்னும் மோசம். பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. ஏழுமலைக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "விடு, நான் இழுக்கறேன்" என்று தேவகி கயிற்றைப் பிடிக்கப் போனாள். "கையை எடு" என்றார். தேவகி கையை எடுத்தாள்.

"எதிர்ப் பக்கம் கனம் கட்டணும்" என்றார் பாஷா பாய். என்ன கட்டுவது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மணல் மூட்டை, செங்கல், ஓடாத மோட்டார். அண்ணி எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், கிரைண்டர் வந்த நாளிலிருந்து மாடிப்படி அடியில் கிடந்த ஆட்டுக்கல் குழவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அம்மிக் குழவியும் வந்தது. இரண்டையும் இரும்புக் கூடையில் போட்டுக் கயிற்றின் மறுமுனையில், கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள்.

ஏழுமலை இழுத்தார். குழவிகள் கீழே இறங்க, இரும்புத் தகடு அலுங்காமல் எழுந்து வாசலை மூடியது. வெளியே நின்ற எங்களுக்கு அவர் தெரியவில்லை. தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தகடு மெதுவாக, ஒரு தட்டைக் கீழே வைக்கிற மாதிரி, சாலையில் இறங்கியது.

"ஒத்தக் கையில" என்றார் ஏழுமலை. ஒரு கையை மேலே தூக்கிக் காட்டினார்.

நிலாவுக்கு அன்று படம் அனுப்பவில்லை. போன் செய்து சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, அவசரத்தில் டச்சுக்குப் போய், குழவிக்கு எந்த மொழியிலும் அவளுக்குப் புரிகிற வார்த்தை கிடைக்காமல், "மாவு அரைக்கிற கல்லு, உருண்டையா இருக்கும்" என்றேன். "அத்தை வீட்டு மாடிப்படி அடியில் கிடக்குமே, சின்ன வயசில் நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கேனே, அதுவா?" என்றாள். அதுதான் என்றேன். சரியாகச் சொன்னால் அண்ணி அவளுக்கு அத்தை இல்லை, மாமி முறை. திருத்தவில்லை. அந்தக் கல் அவளுக்கு நினைவிருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

7

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பௌர்ணமி.

மாலை நாலு மணிக்கே பாதை நிரம்பிவிட்டது. வெறுங்காலோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, தோளில் குழந்தையோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் ஏழுமலை வீட்டுக்குள் இருந்தேன். தேவகி பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தார். இருட்டுவதற்குள் கிரிவலம் கிளம்புவதாகத் திட்டம். சிமென்ட் சாய்தளம் இருந்த காலத்திலேயே மாதா மாதம் போகிற வழக்கம்தானாம். பதினாலு கிலோமீட்டரும் கையாலேயே சுற்றி ஓட்டுவார். தேவகி பக்கத்தில் நடப்பாள். அந்த மாதம் போக முடியுமா என்பதுதான் அத்தனை நாளும் அந்த வீட்டில் பேசாமல் இருந்த பேச்சு என்று அப்போதுதான் தெரிந்தது.

தூரத்தில் ஜீப்பின் ஒலிபெருக்கி கேட்டது. "மடிங்க, மடிங்க! ரோட்டுல எதுவும் இருக்கக் கூடாது!"

தெரு மடங்கியது. அதை நான் உள்ளிருந்து கேட்டேன். டீக்கடைப் பெஞ்சு சுவரில் மோதும் சத்தம், வளையல் பெட்டி சாத்தும் சத்தம், தார்ப்பாய் சுருள்கிற சரசரப்பு, கம்பிகள், கொண்டிகள். தெரு முனையிலிருந்து யாரோ வரிசையாகக் கதவு சாத்திக்கொண்டு வருவது போல, ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் பக்கம் வந்தது. ஏழுமலை தன் முறைக்காகக் காத்திருந்தார். கயிறு கையில் இருந்தது. பக்கத்துக் கடைப் பலகை ஏறியதும் இழுத்தார். இரும்புத் தகடு எழுந்தது. வாசல் வெளிச்சம் கீழிருந்து மேலாகக் குறைந்து, கடைசியில் மேல் விளிம்பில் ஒரு கோடாக நின்றது.

அந்தக் கோட்டு வெளிச்சம் கயிற்றைப் பிடித்திருந்த கையின் மேல் விழுந்தது. தடித்த விரல்கள். போன் ரிப்பேர் செய்து செய்து நகத்தோரம் கறுத்த கட்டைவிரல். என் கை தானாகக் கேமராவுக்குப் போனது. நின்றுவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஏழுமலை அதைப் பார்த்துவிட்டார்.

"எடும்மா" என்றார். "என் மூஞ்சி வந்தாலும் பரவால்லை. கயிறு தெரியணும்."

எடுத்தேன். பதினெட்டு வருடமாக எடுத்த படங்களில், இதை எடுங்கள் என்று ஒருவர் கேட்டு எடுத்தது அது ஒன்றுதான்.

ஜீப் வாசலைக் கடந்து போனது. வெளியே யாரும் இன்னும் பலகையை இறக்கவில்லை. ஜீப் முனை திரும்பட்டும் என்று தெருவே காத்திருந்தது. ஏழுமலை காத்திருக்கவில்லை. கயிற்றைத் தளர்த்தினார். தகடு இறங்கியது, வாசல் முழுக்க மாலை வெயிலும் "அண்ணாமலைக்கு அரோகரா" என்கிற கூட்டத்தின் சத்தமும் உள்ளே வந்தன.

தேவகி பூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் மேல் இல்லை, ஜன்னலில் இல்லை. "கொஞ்சம் நில்லுய்யா, கதவைப் பூட்டிக்கினு வரேன்" என்று கத்தினாள்.

அவர் நிற்கவில்லை. இரண்டு கையாலும் வண்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு இரும்பின் மேல் தடதடவென இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் பூட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். தேவகி திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வெறுங்காலோடு பின்னால் ஓடினாள்.